அம்மாச்சியின் ஊசி குலத்தொழில் அல்ல

போன மாதம் எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஒரு கல்லூரி மாணவி கேட்டார்: "அக்கா, குலத்தொழில் கூடாதுன்னு மேடைக்கு மேடை பேசுறோம். நீங்களே இப்ப பாட்டி செஞ்ச வேலையைத் தொடரணும்னு ஊசியும் நூலுமா உட்கார்ந்திருக்கீங்க. இது மட்டும் என்ன கணக்கு?"

ஞாயிறு மாலை வாசிப்பு தொடங்குவதற்கு முன் ஒரு மணி நேரம் குரோஷே பின்னக் கற்றுக்கொடுக்கிறோம். ஏழெட்டுப் பேர் வருகிறார்கள். அதில் இரண்டு பையன்களும் உண்டு. கேள்வி வந்ததும் எல்லார் கையிலும் ஊசி நின்றுவிட்டது.

நியாயமான கேள்வி. அன்றைக்கு நாங்கள் சொன்ன பதில் அரைகுறை. பாட்டியின் நினைவு, பாசம், கைவேலையின் அழகு என்று ஏதோ சொன்னோம். வீட்டுக்கு வந்து யோசித்தபோது அது எங்களுக்கே போதவில்லை. பாசம் ஒன்றே காரணமாகப் போதும் என்றால் சாதியையும் தொடரலாம். அதுவும் பாட்டன் பாட்டி கொடுத்துவிட்டுப் போனதுதான்.

ஆகவே முழுப் பதிலை இங்கே எழுதுகிறோம்.

டப்பாவுக்குள் இருந்தவை

எங்கள் அம்மாவைப் பெற்ற அம்மாச்சி குமரி மாவட்டத்தில், ஊருக்கு வெளியே இருக்கும் எங்கள் குடியிருப்பில் பிறந்தவர். மிஷன் விடுதியில் தங்கி ஐந்தாம் வகுப்புவரை படித்தார். அங்கேதான் பின்னல் வேலை கற்றார். எங்கள் வீட்டில் குரோஷே என்ற சொல்லே கிடையாது. ஒற்றைக் கொக்கி ஊசியால் பின்னுவதற்குப் பெயர் 'லேஸ்'. இரண்டு ஊசி வைத்துக் குழந்தைகளுக்குக் குல்லாயும் ஸ்வெட்டரும் பின்னுவது 'கம்பளி வேலை'.

பகலில் நடவு, களையெடுப்பு, அறுப்பு. ராத்திரி பிள்ளைகள் தூங்கிய பிறகு சிம்னி விளக்கு வெளிச்சத்தில் லேஸ். ஏஜென்ட் வீட்டில் நூலை நிறுத்துக் கொடுப்பார்கள். பின்னி முடித்ததையும் நிறுத்துத்தான் வாங்குவார்கள். எடை குறைந்தால் கூலியில் பிடித்தம், அழுக்குப் பட்டாலும் பிடித்தம். நடவுக் காலத்தில் நகக்கண்ணில் ஏறிய சேறு போக அம்மாச்சி புளியை வைத்துத் தேய்ப்பார். அதன் பிறகுதான் ஊசியைத் தொடுவார். வெள்ளை நூலில் ஒரு சொட்டுக் கறை விழுந்தால் அந்த வாரக் கூலியில் பாதி போய்விடும்.

அவர் இறந்த பிறகு எங்கள் கைக்கு வந்தது ஒரு பிஸ்கட் டப்பா. அதற்குள் மூன்று ஊசிகள். ஒன்று கடையில் வாங்கியது. மற்ற இரண்டும் குடைக்கம்பியை அரத்தால் ராவி அவரே செய்துகொண்டவை. 40ஆம் நம்பர் வெள்ளை நூல் ஒரு உருண்டை. கிழிந்த சேலைத் துணியில் வரிசையாகத் தைத்து வைத்த 31 மாதிரித் துண்டுகள், ஒவ்வொன்றும் விரல் நீளம். அதுதான் அவருடைய நோட்டுப் புத்தகம். டிசைனை எழுதி வைக்கும் முறையை யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. துண்டைக் கையில் எடுப்பார், கண்ணிகளை எண்ணுவார், அதைப் பார்த்துப் பின்னுவார்.

ஒரு துண்டு மட்டும் உள்ளங்கை அகலம். திராட்சைக் கொத்தும் இலையும் கொண்டது. அதே திராட்சைக் கொத்து எங்கள் ஊர் ஆலயத்தின் பீட விரிப்பு ஓரத்திலும் இருக்கிறது. அம்மாச்சி எட்டு மாதம் ராத்திரியில் உட்கார்ந்து பின்னிய விரிப்பு அது. சபையின் நூற்றாண்டு மலரில் அந்த விரிப்பின் படம் வந்திருக்கிறது. படத்தின் அடியில் 'அன்பளிப்பு' என்று போட்டு, நூலுக்குப் பணம் கொடுத்த குடும்பத்தின் பெயர் அச்சாகியிருக்கிறது. பின்னியவரின் பெயர் இல்லை. தான் பின்னிய விரிப்பைச் சாகும்வரை பின் வரிசையில் உட்கார்ந்துதான் அம்மாச்சி பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊசியை ஒளித்து வைத்த அம்மா

அம்மாச்சிக்குத் தெரிந்த வேலை அம்மாவுக்கும் தெரியும். ஆனால் அக்கா தங்கை எங்கள் இருவருக்கும் அவர் சொல்லித்தரவில்லை. அம்மாச்சி பக்கத்தில் உட்கார்ந்து ஊசியைத் தொட்டால் போதும், அம்மா வந்து பிடுங்கி அரிசிப் பானைக்குள் ஒளித்துவிடுவார். "இத படிச்சா இதிலயே இருந்திருவிய. புத்தகத்த எடு."

அம்மாச்சி கோபப்பட்டதே இல்லை. "அவ சொல்லுகது சரிதான் மக்களே. போய்ப் படியுங்க" என்பார்.

வெகுகாலம் எங்களுக்கு அம்மா மீது வருத்தம் இருந்தது. படித்து, களப்பணிக்கு வந்து, பத்து ஊர் பார்த்த பிறகுதான் புரிந்தது. அம்மா எடுத்தது ஓர் அரசியல் முடிவு. தன் பிள்ளைகளின் கை எதற்குப் பழக வேண்டும் என்பதை ஏஜென்டும் வறுமையும் தீர்மானிக்கக்கூடாது என்று அவர் நினைத்தார். அந்த முடிவால்தான் நாங்கள் முதுகலைவரை வந்தோம். முப்பது வயதைத் தாண்டிய பிறகு, கையில் பட்டமும் மாதச் சம்பளமும் இருக்கும்போது, அந்த டப்பாவைத் திறந்தோம். அம்மாச்சியின் தங்கை இன்னும் உயிரோடு இருக்கிறார். அவரிடம் போய் உட்கார்ந்து சங்கிலிக் கண்ணியிலிருந்து தொடங்கினோம். நூலை இறுக்கிப் பிடித்து அவரிடம் திட்டு வாங்கினோம். மீதியை யூடியூப் பார்த்துக் கற்றுக்கொண்டோம்.

அம்மா ஊசியை ஒளித்ததும் சரி, நாங்கள் அதைத் தேடி எடுத்ததும் சரி என்பது எங்கள் வாதம். இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் சரியாக இருக்க முடியும் என்பதைத்தான் இனி சொல்ல வேண்டும்.

குலத்தொழில் என்பது எது?

1953இல் முதல்வராக இருந்த ராஜாஜி, தொடக்கப் பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதிப் பொழுதில் பிள்ளைகள் தம் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். பெரியாரும் திராவிட இயக்கமும் அதைக் 'குலக்கல்வித் திட்டம்' என்று அழைத்து எதிர்த்தார்கள். 1954இல் ராஜாஜி பதவி விலக, காமராஜர் வந்தார், திட்டம் கைவிடப்பட்டது. எழுபது ஆண்டு கழித்து, 2023இல், ஒன்றிய அரசு விஸ்வகர்மா திட்டத்தை அறிவித்தது. 18 வகைத் தொழில்கள், குறைந்தபட்ச வயது 18, குடும்பத்தின் வழியாக வந்த பாரம்பரியத் தொழிலாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை. தமிழ்நாடு அரசு அந்த நிபந்தனையை நீக்கவும் வயதை 35 ஆக உயர்த்தவும் கேட்டது. 18 வயது என்பது கல்லூரிக்குப் போகிற வயது என்பதை நாம் மறக்கக்கூடாது.

அம்பேத்கர் 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில் இதன் வேரைத் தொட்டுக் காட்டினார். சாதி வேலைகளைப் பங்கிடுவதோடு நிற்பதில்லை, வேலை செய்கிற மனிதர்களையே ஒருவர் மேல் ஒருவராக அடுக்கி வைக்கிறது என்பது அவர் வாதம். அந்த அடுக்கில் தன் விருப்பத்துக்கோ திறமைக்கோ இடமில்லை.

இதை வைத்துப் பார்த்தால் குலத்தொழிலுக்கு மூன்று அடையாளம் சொல்லலாம். ஒன்று, அது பிறப்பால் தலையில் ஏறுவது. இரண்டு, இறக்கி வைக்க முடியாதது. மூன்று, செய்கிறவரை இழிவுபடுத்துவது. செத்த மாட்டைத் தூக்குவது, சாவுக்குச் சேதி சொல்லப் போவது, மலம் அள்ளுவது எல்லாம் இந்த மூன்றுக்கும் பொருந்தும்.

அம்மாச்சியின் லேஸ் முதல் அடையாளத்துக்குப் பொருந்தாது. எந்தச் சாதியும் பின்னல் ஊசியோடு பிறப்பதில்லை. மூன்றாவதுக்கும் பொருந்தாது. ஆனால் இரண்டாவதில் நாம் நேர்மையாக இருக்க வேண்டும். அம்மாச்சியால் அதை இறக்கி வைக்க முடியவில்லை. அவரைப் பிடித்து வைத்தது குலம் அல்ல, பசி. அம்மா பயந்தது இதைக் கண்டுதான்.

பறையை வைத்து நம் இயக்கத்துக்குள் நடந்த விவாதம் இளைய தோழர்களுக்குத் தெரிந்திருக்கும். சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று பறையைத் தூக்கி எறிந்தவர்களும் உண்டு. அதே பறையை விடுதலையின் கலையாக மேடையில் அடித்தவர்களும் உண்டு. இரண்டு பேரும் ஒரே கேள்விக்குத்தான் பதில் சொன்னார்கள்: யார் கேட்டு அடிக்கிறோம், மறுக்க நம்மால் முடியுமா? மறுக்க முடிந்த பிறகு அடிக்கிற பறை வேறு. மறுக்க முடிந்த பிறகு எடுக்கிற ஊசியும் அப்படித்தான்.

200 வயது நூல்

"இது வெள்ளைக்காரி கொண்டுவந்த வேலை, நம்ம பாரம்பரியமே இல்லையே" என்று ஒரு தோழர் சொன்னார். உண்மைதான். அந்த உண்மையில்தான் நமக்கு வேண்டிய சங்கதி இருக்கிறது.

நாகர்கோவிலுக்கு 1819இல் லண்டன் மிஷனைச் சேர்ந்த மால்ட் தம்பதியர் வந்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் மார்த்தா மால்ட் பெண்பிள்ளைகளின் உறைவிடப் பள்ளியில் லேஸ் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். அன்றைய லேஸ் கொக்கி ஊசி வேலை அல்ல. திண்டின் மேல் குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சிறு கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவது. கொக்கி ஊசிப் பின்னல் உலகெங்கும் பரவியது அந்த நூற்றாண்டின் நடுவில்தான். அயர்லாந்தில் 1840களின் பெரும் பஞ்சத்தில் பட்டினி கிடந்த குடும்பங்களுக்குப் பிழைப்பாக அதைக் கற்றுக்கொடுத்தார்கள். குரோஷே ஏழைகளின் கையிலும் வளர்ந்த வேலை.

நாகர்கோவில் அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. 1836 கணக்கெடுப்பின்படி அங்கே சுமார் 1,65,000 பேர் அடிமைகள், எட்டில் ஒருவர். புலையரும் பறையரும் நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்டார்கள், அடகு வைக்கப்பட்டார்கள். அந்தப் பள்ளிக்கு வந்த பிள்ளைகளில் அடிமைகளும் இருந்தார்கள். அவர்களில் சிலர் லேஸ் விற்ற காசைச் சேர்த்துத் தங்கள் விடுதலையை விலைக்கு வாங்கினார்கள் என்பது மிஷன் வரலாற்றில் இருக்கிறது. சமஸ்தானம் அடிமைமுறையை முழுமையாக ஒழித்தது 1855இல். அரசாணை வருவதற்குப் பல ஆண்டு முன்பே நூலைக் கொண்டு விலங்கை அவிழ்த்த பெண்கள் அவர்கள்.

அதே காலத்தில் அதே மண்ணில் துணியே போர்க்களமாக இருந்தது. தோள்சீலைப் போராட்டத்தை நாம் அறிவோம். மிஷன் பெண்கள் வடிவமைத்த குப்பாயத்தைப் போட்டதற்காகப் பெண்கள் சந்தையில் அடிபட்டார்கள். 1859இல் வந்த அரசாணை நாடார் பெண்களுக்கு மேலாடை உரிமை கொடுத்தது, அதுவும் மேல்சாதிப் பெண்கள் போடுகிற மாதிரி போடக்கூடாது என்ற நிபந்தனையோடு. புலையர் பெண்கள் கழுத்தில் கிடந்த கல்மாலையை அறுத்தெறிந்து ரவிக்கை போட்டது 1915இல், கொல்லம் அருகே பெரிநாட்டில், அய்யன்காளியின் காலத்தில். எதை உடுத்தலாம், எதைத் தைக்கலாம், எதைப் பின்னலாம் என்பதெல்லாம் சாதி தீர்மானித்த மண்ணில் ஒரு சேரிப் பெண் ஊசி பிடித்தது சின்ன விஷயம் அல்ல.

மிஷனை நாங்கள் பூஜிக்கவும் இல்லை. லேஸ் போய்ச் சேர்ந்தது பெரும்பாலும் ஐரோப்பிய வீடுகளுக்கு. அடங்கி ஒடுங்கி உட்கார்ந்து கைவேலை செய்வதே நல்ல பெண்ணுக்கு அழகு என்ற பாடமும் ஊசியோடு சேர்ந்தே வந்தது. சாதியும் ஆலயத்துக்குள் நுழைந்து முன் வரிசையில் உட்கார்ந்துகொண்டது. அம்மாச்சியின் பின் வரிசை அப்படி வந்ததுதான்.

ஆனாலும் இது நாம் பிறந்ததால் வந்த வேலை அல்ல. நம் பாட்டிகள் முயன்று கற்று, தங்கள் கையாலேயே சம்பாதித்த பாரம்பரியம்.

நர்சாபூர் சொல்லும் பாடம்

ஊசி விலங்கை அவிழ்த்த கதையோடு நிறுத்தினால் பாதிக் கதைதான். அதே ஊசி புது விலங்கு மாட்டிய ஊரும் இருக்கிறது. சமூகவியல் முதுகலை படித்தபோது எங்கள் கைக்கு வந்த நூல்களில் அம்மாச்சியின் டப்பாவை நினைவுபடுத்தியது ஒன்றே ஒன்று. ஜெர்மானியச் சமூகவியலாளர் மரியா மீஸ் 1982இல் வெளியிட்ட, நர்சாபூர் லேஸ் தொழிலாளர்களைப் பற்றிய ஆய்வு.

நர்சாபூர் ஆந்திராவின் மேற்குக் கோதாவரி மாவட்டத்தில் இருக்கிறது. அங்கேயும் 19ஆம் நூற்றாண்டில் மிஷனரிகள்தான் குரோஷே லேஸைக் கொண்டுவந்தார்கள். முதலில் கற்றவர்களில் மாலா, மாதிகா சமூகங்களிலிருந்து கிறிஸ்தவம் தழுவிய ஏழைப் பெண்கள் இருந்தார்கள். பிறகு ஏற்றுமதி வியாபாரம் பெருகியது, காப்பு சாதியின் ஏழைப் பெண்கள் பெருமளவில் இதற்குள் வந்தார்கள். வீட்டை விட்டு வெளியே போய் வேலை செய்வது தங்கள் சாதிக்கு இழுக்கு என்பதால் அவர்களுக்கு இது வசதியாக இருந்தது. நாளெல்லாம் பின்னினாலும் 1970களின் கடைசியில் அவர்களுக்குக் கிடைத்தது ஒரு ரூபாய்க்கும் குறைவு. வயலுக்குப் போன தலித் பெண்களின் நாள் கூலி அதைவிட அதிகம். ஆனாலும் வீட்டுக்குள் இருப்பதால் தாங்கள் மேல் என்று அவர்கள் எண்ணினார்கள்.

சாதிப் பெருமிதம் எவ்வளவு மலிவாக விலை போகிறது பாருங்கள். 'நீ கூலிக்காரி இல்லை, வீட்டில் சும்மா இருக்கிற நேரத்தில் பின்னுகிறாய்' என்று சொல்லியே வியாபாரி கூலியைக் குறைத்தான். மீஸ் இதை 'இல்லத்தரசியாக்கம்' என்ற பொருளில் ஒரு கருத்தாக்கமாக வளர்த்தார். தொழிலாளியை இல்லத்தரசி என்று அழைத்தால் அவளுக்குக் கூலி நிர்ணயம் வேண்டாம், சங்கம் வேண்டாம், வேலை நேரம் வேண்டாம்.

அண்மையில் நர்சாபூர் லேஸுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. மகிழ்ச்சிதான். ஊரின் பெயருக்குப் பாதுகாப்பு வந்துவிட்டது. பின்னுகிறவரின் கூலிக்கும் பெயருக்கும் அது தானாக வந்துவிடாது.

இங்கே ஒரு தொழில்நுட்ப விஷயத்தையும் சொல்ல வேண்டும். இரண்டு ஊசிப் பின்னலுக்கு 1589இலேயே இங்கிலாந்தில் வில்லியம் லீ இயந்திரம் கண்டுபிடித்துவிட்டார். திருப்பூரின் பின்னலாடை ஆலைகள் எல்லாம் அந்த வழியில் வந்தவைதான். ஆனால் அசல் குரோஷேவைப் பின்னித் தள்ளும் இயந்திரம் இன்றுவரை ஆலைகளுக்கு வரவில்லை. பார்வைக்கு அதைப் போல இருக்கும் துணியை இயந்திரம் நெய்யும், அவ்வளவுதான். ஒவ்வொரு கண்ணியையும் ஒரு கை வளைத்து இழுத்தே ஆக வேண்டும். ஆகவே ஆன்லைனில் முந்நூறு ரூபாய்க்கு ஒரு நிஜ குரோஷே மேலாடையைப் பார்த்தால், அடுத்த கேள்வி இதுதான்: அந்தக் கைக்கு எவ்வளவு போயிருக்கும்?

நாங்கள் செய்த தவறு

வியாபாரியை மட்டும் திட்டிவிட்டுத் தப்பிக்க எங்களால் முடியாது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தொண்டு அமைப்பில் வேலை பார்த்தபோது, தலித் பெண்களுக்கு நாங்களே கைவினைப் பயிற்சி நடத்தினோம். பத்து நாள் பயிற்சி, 25 பெண்கள், கடைசி நாள் சான்றிதழ், குழுப் படம், நிதி கொடுத்தவர்களுக்கு அறிக்கை. 'அதிகாரம் பெற்ற பெண்கள்' என்று அதில் எழுதியதும் நாங்கள்தான்.

ஆறு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தோம். இரண்டு பேர் மட்டும் பின்னிக்கொண்டிருந்தார்கள், இருவரும் ஒரே ஏஜென்டுக்கு. வட்ட விரிப்பு ஒன்றுக்கு எழுபது ரூபாய். போனில் நேரம் வைத்துப் பார்த்தோம். ஒன்றை முடிக்க ஏழு மணி நேரம் ஆனது. மணிக்குப் பத்து ரூபாய். நூறு நாள் வேலைக் கூலியின் பக்கத்தில்கூட வரவில்லை. அதில் ஒரு அக்கா எங்கள் முகத்துக்கு நேராகச் சொன்னார்: "நீங்க எங்களுக்கு வேல தரல. ஏஜென்டுக்கு ஆளு தந்திய."

அந்த வார்த்தைக்கு எங்களிடம் பதில் இல்லை. நிலம் கேட்க வேண்டிய இடத்தில், பின்னடைவுப் பணியிடங்களை நிரப்பச் சொல்ல வேண்டிய இடத்தில், படித்த பிள்ளைக்கு வேலை கேட்க வேண்டிய இடத்தில் ஊசியை நீட்டுவது ஏமாற்று. கைவேலை உரிமைக்கு மாற்று அல்ல. இதைச் சொல்லாமல் பாட்டியின் பாரம்பரியத்தைப் பற்றி எழுதுவது எங்களுக்குச் சரியாகப் படவில்லை.

வீட்டிலிருந்தே வேலை செய்பவரும் தொழிலாளிதான் என்பதை அகமதாபாத்தில் 1972இல் தொடங்கிய சேவா சங்கம் போராடி நிலைநாட்டியது. 1996இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வீட்டுவேலைத் தொழிலாளர்களுக்காக 177ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியது. இந்தியா இன்னும் அதை ஏற்று ஒப்புதல் அளிக்கவில்லை. தமிழ்நாட்டில் 1982ஆம் ஆண்டின் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டமும் நலவாரியங்களும் இருக்கின்றன. தையல் தொழிலாளர்களுக்குத் தனி வாரியமே உண்டு. ஆனால் எங்கள் பயிற்சிக்கு வந்த 25 பேரில் ஒருவர்கூட எந்த வாரியத்திலும் பதிவு செய்திருக்கவில்லை. கண்ணி எண்ணக் கற்றுக்கொடுத்த நாங்கள் அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை.

அலபாமாவின் பெண்கள்

அப்படியானால் கைவேலையும் உரிமைப் போராட்டமும் ஒன்றாகப் போகவே முடியாதா? முடியும் என்று காட்டியவர்கள் அமெரிக்காவின் அலபாமாவில் இருக்கிறார்கள். பம்பாயில் 1972இல் தலித் பேந்தர்ஸ் தங்கள் பெயரைக் கறுப்பின இயக்கத்திடமிருந்து எடுத்துக்கொண்டது. அங்கிருந்து நாம் கற்றுக்கொள்ள இன்னும் இருக்கிறது.

அலபாமாவின் வில்காக்ஸ் வட்டாரத்தில் அடிமைகளின் வழிவந்த கறுப்பினப் பெண்கள் பழந்துணிகளை ஒட்டுப்போட்டுப் போர்வை தைப்பார்கள், தாயிடமிருந்து மகளுக்கு வந்த வேலை. 1965இல் வாக்குரிமைப் போராட்டம் உச்சத்தில் இருந்தபோது, வாக்காளராகப் பதிவு செய்யப் போனதற்காகவே பல குடும்பங்களை வெள்ளை நிலவுடைமையாளர்கள் வீட்டை விட்டு வெளியேற்றினார்கள். அடுத்த ஆண்டு, 1966இல், அந்தப் பெண்கள் 'ஃப்ரீடம் குவில்ட்டிங் பீ' என்ற கூட்டுறவைத் தொடங்கினார்கள். போர்வைகளை நியூயார்க்வரை விற்றார்கள். கூட்டுறவின் பணத்தில் நிலம் வாங்கினார்கள். வெளியேற்றப்பட்ட குடும்பங்களுக்கு அதில் மனை கொடுத்தார்கள்.

அவர்கள் போர்வையை வாக்குரிமைக்குப் பதிலாக வைக்கவில்லை. வாக்குரிமை கேட்டவர்கள் பட்டினி கிடக்காமல் இருக்கப் போர்வை தைத்தார்கள். பாட்டி கற்றுக்கொடுத்த வேலை அப்படித்தான் போராட்டத்துக்குத் துணையாக வந்தது.

எப்படித் தொடர்வது?

கேள்வி கேட்ட மாணவிக்கும், இதைப் படிக்கும் தோழர்களுக்கும் எங்கள் அனுபவத்திலிருந்து சில வார்த்தைகள்.

முதலில் பெயரை எழுதுங்கள். உங்கள் குடியிருப்பில் பின்னிய, தைத்த, பாய் முடைந்த பாட்டிகள் யார் யார்? எங்கே கற்றார்கள், யாருக்குப் பின்னினார்கள், எவ்வளவு கொடுத்தார்கள், எப்போது நிறுத்தினார்கள், ஏன் நிறுத்தினார்கள்? இந்த ஐந்து கேள்வி போதும். எங்கள் குடியிருப்பில் மட்டும் 14 பெயர் கிடைத்தது. அதில் நான்கு பேர் உயிரோடு இருக்கிறார்கள். ஒருவர் தன் மாதிரித் துண்டுகளைக் குப்பையில் போடப் போகிற நேரத்தில் போய்ச் சேர்ந்தோம்.

இரண்டாவது, நேரத்தை எண்ணுங்கள். கண்ணியை எண்ணுகிற மாதிரியே நிமிடத்தையும் எண்ணுங்கள். ஒரு பூவுக்கு எத்தனை நிமிடம், நூல் எத்தனை கிராம் என்று எழுதி வையுங்கள். உங்கள் பகுதியின் குறைந்தபட்சக் கூலியை மணிக்கணக்காக்கி, நூல் செலவைக் கூட்டினால் அதுதான் அடிவிலை. அதற்குக் கீழே யாருக்கும் கொடுக்காதீர்கள். ஒருவர் குறைத்துக் கொடுத்தால் பக்கத்து வீட்டு அக்காவின் கூலியும் குறையும்.

மூன்றாவது, பையன்களுக்கும் கற்றுக்கொடுங்கள். எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுங்கள். பிறப்பைப் பார்க்காமல் பெண் ஆண் பார்க்காமல் கை மாறும் வேலை, குலத்தொழிலாக மாறாமல் இருக்க அதுவே காவல்.

நான்காவது, படிப்பின் நேரத்தை இதற்குக் கொடுக்காதீர்கள். தேர்வு நேரத்தில் எங்கள் ஞாயிறு வகுப்பு கிடையாது. அம்மா இன்றைக்கும் அதைக் கண்காணிக்கிறார்.

ஐந்தாவது, இதை விட்டுவிடவும் உங்களுக்கு உரிமை உண்டு. பாட்டி பின்னினார் என்பதற்காக யாரும் பின்ன வேண்டியதில்லை. உங்கள் அம்மாவும் ஊசியை ஒளித்திருந்தால், அவரிடம் ஏன் என்று கேட்டு அந்தக் காரணத்தையும் பாட்டியின் பெயருக்குப் பக்கத்தில் எழுதி வையுங்கள். அதுவும் இந்த வரலாற்றில் சேர்ந்ததே.

பீட விரிப்பின் விஷயத்துக்கு வருகிறோம். சபையின் அடுத்த மலரில் அம்மாச்சியின் பெயரையும், அதே ஊரில் ஆலயத்துக்குப் பின்னிக் கொடுத்த மற்றப் பெண்களின் பெயர்களையும் போட வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். "பார்க்கலாம்" என்றார்கள். நாங்களும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். இதற்கிடையே திராட்சைக் கொத்து டிசைனைக் கண்ணி கண்ணியாக எண்ணித் தாளில் வரைந்துவிட்டோம். 64 வரிசை. மேலே அம்மாச்சியின் பெயரை எழுதியிருக்கிறோம். கேட்கிற யாருக்கும் கொடுப்போம், அந்தப் பெயரை வெட்டாமல் வைத்திருப்பேன் என்று சொன்னால் போதும்.

அன்றைக்குக் கேள்வி கேட்ட மாணவி அடுத்த வாரமும் வந்தார். ஊசி பிடிக்கவில்லை. பையிலிருந்து ஒரு பழைய மாதிரித் துண்டை எடுத்து மேசையில் வைத்தார். அவர் பாட்டியுடையதாம், வேலூர்ப் பக்கத்தில் ஒரு விடுதியில் கற்றதாம். "பெயர் மட்டும் எழுதிக்கங்க அக்கா, பின்னுறதப் பத்தி அப்புறம் யோசிக்கிறேன்" என்றார். எழுதிக்கொண்டோம். 15ஆவது பெயர்.

ஞாயிறு மாலை நான்கு மணி. நூல் எங்களிடம் இருக்கிறது. நீங்கள் உங்கள் பாட்டியின் பெயரோடு வாருங்கள்.

ஜெய்பீம்.